கேட்டவனுக்குப் பங்கு

புதுத் துப்பாக்கியைச் சோதித்துப் பார்க்கக் காலையில் மலையேறிய துர்சின், வெறுங்கையோடு திரும்பினார். நாளை சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். வீட்டில் ஒரு துண்டு இறைச்சி இல்லை. மனைவி ராய்கானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒத்தைத் தோட்டாத் துப்பாக்கிதான் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னீங்களே, அந்த ஒண்ணும் வானத்துக்கா?"

"குறி தப்பல. எதிர்ப்பாறையில நின்ன பெரிய கிடா, ஒரே வெடியில விழுந்துச்சு."

"அப்போ கறி எங்கே?"

"பக்கத்து வீட்டு ஒஸ்பான் எதிர்ல வந்து பங்கு கேட்டான். கேட்டவனுக்கு இல்லேன்னு சொல்றது வேட்டைக்காரன் வழக்கமா?"

"ஒரு தொடையைக் குடுத்து அனுப்பறதுதானே?"

"முழுசாக் கேட்டான். குடுத்துட்டேன்."

"முழுக் கிடாயையுமா! எந்த ஊர் வழக்கம் இது? நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வரேன்" என்று முக்காட்டை இறுக்கிக் கட்டினாள் ராய்கான்.

துர்சின் பாய்ந்து வாசலை மறித்தார். "வேண்டாம்டி, சொன்னாக் கேளு."

"கொம்பையாவது வாங்கினீங்களா? சுவத்துல மாட்டிச் சம்பந்திக்குக் காட்டலாமே."

துர்சின் தரையைப் பார்த்தார்.

"வம்பே அதுலதான். கொம்புல ஒஸ்பான் பொண்டாட்டி கட்டிவிட்ட சிவப்பு நாடா இருந்துச்சு."