பதினொரு சோடி

வாசலில் ஒரேயொரு சோடிச் சப்பாத்துத்தான் கிடந்தது.

சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். போன சனிக்கிழமை இதே படியில் பதினொரு சோடி கிடந்தன. பெரிய பூட்ஸ் இரண்டு, சேறு பிடித்த ரக்பி சப்பாத்துகள், ரப்பர் செருப்புகள், கடைசியில் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிவப்புச் சோடி ஒன்று.

நான் நாடு விட்டு வந்து குடியேறிய மங்கரேயில் ஒரு தேவாலயத்துக்காரர் சனிக்கிழமைதோறும் கஷ்டப்பட்ட குடும்பங்களுக்குச் சாப்பாடு கொடுக்கிறார்கள். நான் சைவக்காரி. ஆனாலும் வீட்டில் சும்மா இருக்க ஏலாத பிறவி என்பதால் போய்ச் சேர்ந்துகொண்டேன். பெட்டியைக் கொடுத்துவிட்டு, வீட்டில் எத்தனை பேர் என்று படிவத்தில் எழுதிக்கொண்டு வரவேண்டும். அவ்வளவுதான் வேலை.

இந்த வீட்டுப் பெண் மெரே, இந்த நாட்டுப் பூர்வகுடியான மாவோரிக்காரி, போன கிழமை நாலு பேர் என்றுதான் சொன்னாள். வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்கிறாள் என்று நினைத்தேன். எங்கள் ஆட்களும் அப்படித்தானே, வயிறு காய்ந்தாலும் "இப்பதான் சாப்பிட்டனாங்கள்" என்பார்கள். படியை ஒரு பார்வை பார்த்தேன். நாலை வெட்டிவிட்டுப் பதினொன்று என்று எழுதினேன். என் கெட்டித்தனத்தை நினைத்து வழியெல்லாம் பெருமை வேறு.

படிவத்தைப் பார்த்த நிசாந்தினிக்கு மனம் பொறுக்கவில்லை. அவள்தான் எங்கள் குழுவுக்குப் பொறுப்பு. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, தங்கமான பிள்ளை.

"பதினொரு பேருக்கு ஒரு ஹீட்டர் காணுமே, புஷ்பா அன்ரி? நான் வீட்டுச் சொந்தக்காரரோட கதைக்கிறன்."

கதைத்தும்விட்டாள்.

வாடகை ஒப்பந்தத்தில் இருந்தது நாலு பெயர். மற்ற ஏழு பேரும் மெரேயின் தங்கை குடும்பம். இருந்த வீடு பறிபோய், போக்கிடம் இல்லாமல் வந்து ஒண்டியவர்கள். பதினாலு நாளில் அவர்கள் போகவேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது.

இன்று காலை பெட்டி கட்டும்போது இதைச் சொல்லிவிட்டு, நிசாந்தினி உருளைக்கிழங்குப் பைக்கு மேலேயே தலையை வைத்து அழுதாள். எனக்கு அழுகையும் வரவில்லை. ஐயோ, நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே காரை ஓட்டிவந்தேன்.

கதவு பாதிதான் திறந்தது. தங்கை குடும்பம் போய்விட்டது, இப்போது நாங்கள் நாலு பேர்தான் என்றாள் மெரே. நான் கேட்கக்கூட இல்லை.

அவளுக்குப் பின்னால், அறைக்குள் எங்கோ, ஒரு குழந்தை இருமியது. யாரோ வாயைப் பொத்தியிருக்க வேண்டும். இருமல் பாதியில் நின்றது.

இரண்டு பேருக்கும் கேட்டது. இரண்டு பேரும் கேட்காத மாதிரி நின்றோம்.

நல்ல வெயில். கொடியில் ஒரு துணி இல்லை. ஜன்னல்களெல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தன. அந்த ஒழுங்கு எனக்குத் தெரிந்த ஒழுங்கு.

படிவத்தை எடுத்தேன். நாலு என்று எழுதினால் அடுத்த கிழமைப் பெட்டி இதில் பாதிகூட வராது. உள்ளே இருமுகிற குழந்தைக்குப் பால்மாவும் வராது. பதினொன்று என்று எழுதினால் அவர்களுக்கு வீடே இராது.

நாலு என்று எழுதினேன். அவளுக்குத் தெரிகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு எழுதினேன்.

பிறகு சொல்லிவிட்டேன். சொல்லாமல் திரும்பியிருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும். போன கிழமை பதினொன்று என்று எழுதியது நான்தான், என்னை மன்னித்துக்கொள் என்றேன்.

மெரே என்னையே பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரிதான் காட்டிக்கொடுத்தாள் என்று நினைத்து, மூன்று நாளாக அவளோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

நீ உள்ளே வரவே இல்லையே, எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்டாள்.

படியில் கிடந்த செருப்பை எண்ணினேன் என்றேன்.

அவளுக்கு நம்பமுடியவில்லை. யாராவது போய்ச் செருப்பை எண்ணுவார்களா என்றாள்.

எண்ணுவார்கள். ஆனால் அதை அவளுக்கு எந்த இங்கிலீசில் சொல்வது?

சண்டைக் காலத்தில் கொழும்பில், தமிழர் வீடென்றால் உள்ளே இருக்கிற அத்தனை பேரையும் பொலிஸில் பதியவேண்டும். வெள்ளவத்தையில் எங்கள் பதிவில் மூன்று பெயர். ஊரிலிருந்து வந்த என் தம்பியைப் பதியவில்லை. பதியப் போனால் பிடித்துவைத்துவிடுவார்கள் என்று பயம்.

அன்றைக்கு வந்த பொலிஸ்காரன் வீட்டுக்குள் கால் வைக்கவே இல்லை. படியைக் குனிந்து பார்த்தான். விரலை நீட்டி எண்ணினான். நாலாவது சோடி யாருடையது என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

தம்பியைக் கொண்டுபோனது தெரியும். எங்கே என்று பதினெட்டு வருசமாகத் தெரியாது. அதற்குப் பிறகு எந்த வாசலுக்குப் போனாலும், படியில் கிடப்பதை எண்ணாமல் என்னால் கதவைத் தட்ட முடிவதில்லை.

தம்பி வெளியே போய்வந்தால் அவனுடைய செருப்பை உள்ளே எடுத்துவைப்பது என் வேலை. அன்றைக்கு மறந்துபோனேன்.