சுருண்டு கிடந்தவர்

எறும்புத்தின்னி பிடித்துச் செதில் விற்றுப் பிழைத்தவர் அவர். கடைசியாக மாட்டியது ஒரு தாய். வளைக்குள் புகை போட்டதும் வெளியே வந்தது. கடிக்கவில்லை; அதற்குப் பல்லே கிடையாது. குட்டியை வயிற்றோடு அணைத்துப் பந்தாகச் சுருண்டுகொண்டது. அவரும் மனைவியின் தம்பியும் அதை அப்படியே சாக்கில் போட்டுத் தூக்கி வந்தார்கள்.

மறு வாரம் மதியம் சாப்பிட்டு எழுந்தவர் தரையில் சாய்ந்தார். முதுகு தானாக வளைந்தது. முழங்கால்கள் நெஞ்சுக்கு ஏறின, தலை அவற்றுக்கு நடுவே புதைந்தது. நிமிர நினைத்தார், உடம்பு பேச்சுக் கேட்கவில்லை. வாய் திறக்கவில்லை. காது மட்டும் துல்லியமாகக் கேட்டது.

அக்கம்பக்கத்து ஆட்கள் நாலு பேர் சேர்ந்து இழுத்தும் கை கால் பிரியவில்லை. டாக்டர் வந்து பார்த்தார். "இப்படி ஒரு நோயை நான் கண்டதே இல்லம்மா" என்று பையை மூடினார். மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை.

தம்பி வந்து பார்த்துவிட்டு வெளிறிப் போனான்.

"அக்கா, அன்னிக்கு அதுவும் இப்படித்தான் சுருண்டுச்சு."

"அதை எப்படிடா பிரிச்சீங்க?"

"கொதிக்கிற தண்ணிய ஊத்துனோம்க்கா. தானா விரிஞ்சுச்சு."

"குட்டி?"

"அது உள்ளேயேதான் இருந்துச்சு."

மனைவியின் காலடி சமையலறைக்குப் போவதும், பெரிய பாத்திரத்தில் தண்ணீர் விழுவதும், அடுப்பு பற்றிக்கொள்வதும் அவருக்குக் கேட்டது.

வேண்டாம் என்று கத்தப் பார்த்தார். பயத்தில் கைகள் இன்னும் இறுகின.