இன்னும் ஒரு ரோடு

கரையேறி நீச்சல் கண்ணாடியைக் கழற்றியதும் சொல்லிவிடுவது என்று தண்ணீரிலேயே முடிவு செய்துவிட்டான்.

மாமனார் கரையில் நின்றிருந்தார். தோளில் அவனுடைய துண்டு, ஒரு கையில் அவனுடைய செருப்பு, இன்னொரு கையில் பிளாஸ்க்.

ஆளைப் பார்த்ததும் பாதித் தைரியம் அலையோடு போய்விட்டது.

அவன் இந்த ஊருக்கு வந்ததே ஒரு விஷயத்தைச் சொல்லத்தான். அவனும் அவர் மகளும் பிரிந்துவிடுவது என்று முடிவெடுத்துவிட்டார்கள். சண்டையெல்லாம் ஓய்ந்து, வக்கீலைப் பார்த்து, வீட்டுச் சாமான்களைக்கூடப் பிரித்தாகிவிட்டது. பெரியவர்களிடம் சொல்வது மட்டும் பாக்கி.

"நீயே போய்ச் சொல்லிடு. அப்பா எப்பவும் உன் கட்சிதானே" என்று அவள் கைகழுவிவிட்டாள்.

பொய்யில்லை. கல்யாணமான நாளிலிருந்து எந்தத் தகராறிலும் மாமனார் மாப்பிள்ளை பக்கம்தான். மனைவியைப் பிரிவதற்கு மனசைத் தயார் செய்துகொண்டுவிட்டான். மாமனாரைப் பிரிவதற்கு என்ன செய்வது என்று எந்த வக்கீலும் சொல்லவில்லை.

சும்மா வந்து நின்றால் முதல் கேள்விக்கே உளறிவிடுவோம் என்று சைக்கிளையும் தூக்கிக்கொண்டு வந்தான். ட்ரையத்லான் போட்டி வருகிறது, நீந்தவும் சைக்கிள் மிதிக்கவும் ஓடவும் கடலோர ஊர்தான் தோது, அவளுக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை என்றான். போட்டி நிஜம். லீவு விஷயம் பொய்.

மாமியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மூணையும் ஒரே நாள்லயா செய்வீங்க? ஏன், யாராவது துரத்துறாங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஊர் வரைபடத்தைப் போனில் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தான். எங்கே நீந்தலாம், எங்கே மிதிக்கலாம், எங்கே ஓடலாம் எல்லாம் அத்துப்படி. இரண்டு நாள் பேருக்குப் பயிற்சி, மூன்றாம் நாள் விஷயத்தைச் சொல்லிவிட்டு ரயிலேறுவது என்பது திட்டம்.

மாமனார் அந்த வரைபடத்தை ஒரே பார்வையில் தள்ளுபடி செய்தார். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். எந்த ரோட்டில் எப்போது லாரி வரும், எந்த வளைவில் நாய் படுத்திருக்கும் என்பதெல்லாம் போனில் இருக்காது என்றார்.

முதலில் துறைமுகத்துக்குப் பின்பக்க ரோடு. மறுநாள் கலங்கரை விளக்கத்து மேடு. அப்புறம் விமான நிலையத்துச் சுவரை ஒட்டிய ரோடு. டிரைவிங் ஸ்கூல் காரில், கூரைமேல் போர்டோடு, விளக்கைச் சிமிட்டவிட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தார். தாண்டிப் போன பஸ்ஸில் இருந்தவர்கள், இந்த வயதில் சைக்கிள் பழகுகிற ஆளை எட்டி எட்டிப் பார்த்தார்கள். மானம் கப்பலேறியது. ஆனால் ஒரு லாரிகூட அவனை உரசவில்லை.

தினமும் அவன் வாயைத் திறக்கத்தான் செய்தான். "மாமா, ஒரு விஷயம்..." என்று இழுத்தால் போதும், அவருக்கு ஏதாவது ஒரு ரோடு ஞாபகம் வந்துவிடும். இதைவிட நல்ல ரோடு, இருபக்கமும் நிழல், நாளைக்குக் காட்டுகிறேன் என்பார். மனிதருக்கு இருக்கிற உற்சாகத்தைப் பார் என்று நினைத்து வாயை மூடிக்கொள்வான். ரயில் டிக்கெட்டை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது.

பாவம், ஒன்றும் தெரியாதவர்.

இன்றைக்கு விடக்கூடாது.

துண்டை வாங்கித் தலையைத் துவட்டினான். மாமனார் பிளாஸ்க் மூடியில் காபி ஊற்றி நீட்டினார். வாங்கிக்கொண்டு, குடிக்காமல், ஆரம்பித்தான்.

"மாமா, நானும் அவளும்..."

"வேணாம் மாப்ள." அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க மட்டும் சைக்கிளோட வந்து இறங்கினப்பவே புரிஞ்சுபோச்சு. வாய்விட்டுச் சொல்லிட்டீங்கன்னா, அப்புறம் நீங்க யாரோ, நான் யாரோ."

அவன் காபியைக் குடித்துவிட்டு மூடியைத் திருப்பிக் கொடுத்தான்.

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவன் பதறினால் அவர் அலட்டிக்கொள்ளாமல் அதை மிதித்துவிடுவார். இத்தனை நாளும் ஒவ்வொரு ரோடாகச் சொல்லிச் சொல்லி அவர் மிதித்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

அவனுக்கு அழுகை வந்தது. முகம் ஏற்கெனவே கடல்நீரில் நனைந்திருந்ததால் வெளியே தெரியவில்லை; துண்டால் துடைத்துக்கொண்டான்.

மாமனார் மூடியிலிருந்த மிச்சக் காபியை மணலில் உதறினார். பிளாஸ்க்கைத் திருகி மூடினார்.

"நாளைக்கு ஆத்துப் பாலத்துப் பக்கம் போலாம். இருக்கறதுலயே நல்ல ரோடு அதான்."

அந்த ஊரில் ஆறு கிடையாது. வரைபடத்தைக் கரைத்துக் குடித்தவனுக்கு அது தெரியும். ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவருக்கும் தெரியும்.

"எத்தனை மணிக்குக் கிளம்பலாம் மாமா?" என்று கேட்டான்.