மதிலுக்கு உள்ளே

ணங்... ணங்... டொக்.

சூளையிலிருந்து இறக்கிய கோப்பைகளைத் தங்கதுரை விரலால் சுண்டிப் பார்க்கும் அந்தச் சத்தம் வீரம்மாளின் காதைவிட்டுக் கடைசிவரை போகவில்லை. ணங்கென்றால் அவள் கூடைக்கு வரும். டொக்கென்றால் உள்ளே கீறல், குப்பைமேட்டுக்குப் போகும்.

விருத்தாசலத்துப் பீங்கான் கூடத்தில் அவருக்கு அதுதான் வேலை. சபையில் மூப்பர். அங்கேயும் ஆளைச் சுண்டிப் பார்க்கிறார் என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். இயேசு எல்லோருக்காகவும் மரித்தார் என்று போதகர் பிரசங்கித்தால் போதும், ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே மடக்குவார்.

"பொதுவா எல்லாருக்கும்னு யாரும் சாக முடியாதுங்க ஐயா. இன்னாருக்குன்னுதான் சாகணும்."

கல்நெஞ்சுக்காரர் என்று சபை முழுக்கப் போதகர் பக்கம் நின்றது. வீரம்மாளும்தான்.

அவள் புருஷன் பழமலை சூளையில் நெருப்பெரிப்பவன். குடியை விட்டுவிட்டு, கோயிலின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார ஆரம்பித்திருந்தான். ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் என்று பேச்சு. அறுபத்தேழாம் வருஷம் பங்குனியில், ஈஸ்டருக்கு முன்பே, காய்ச்சல் அவனைக் கொண்டுபோனது.

வேதத்தில் சேர்ந்தவனுக்கு எங்கள் சுடுகாட்டில் இடமில்லை என்று பங்காளிகள் கைவிரித்தார்கள். வீரம்மாள் போதகரிடம் ஓடினாள். அவர் கண்கலங்கினார். ஆனாலும் சட்டம் சட்டம்தான் என்றார். கல்லறைத் தோட்டத்து மதிலுக்குள் சபையாருக்கே ஆளுக்கு ஓரிடம்தான். ஞானஸ்நானம் பெறாதவர்கள் வெளியே, ஓடையோரம். சபையாரும் தலையாட்டினார்கள்.

தோட்டத்து இரும்புக் கேட்டின் சாவி தங்கதுரையிடம் இருந்தது. அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"சாவிய குடுங்க மூப்பரே. அவரு உள்ளதான் படுக்கணும்."

"எல்லாருக்கும்னு சொல்ற ஐயாவ கேக்கறதுதானே?"

"கேட்டாச்சு. வெளியே ஓடையோரமாங்கறாங்க. அங்க நாய் தோண்டுது."

தங்கதுரை ஆணியில் தொங்கிய சாவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அவரையும் சுண்டிப் பாத்துட்டீங்களா? டொக்குன்னு கேட்டுச்சா?"

அவர் கோபப்படவில்லை. "சாயந்திரம் எடுத்துக்கிட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாவியைத் தரவில்லை. வீரம்மாள் யோசிக்கவில்லை. பூட்டை உடைப்பதென்று முடிவு செய்து, பாடைக்கு முன்னால் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

கேட்டு திறந்து கிடந்தது. மதிலுக்கு உள்ளே குழி தயாராக இருந்தது. வேட்டியெல்லாம் செம்மண்ணாகத் தங்கதுரை நின்றிருந்தார்.

பாடைக்குப் பின்னால் வந்த போதகர் பதறினார். "யார கேட்டு வெட்டுனீங்க?"

"சட்டப்படிதாங்க ஐயா. சபைக்கு ஒரு சாண் நட்டமில்ல."

போதகர் குனிந்து, பக்கத்துக் கல்லறைச் சிலுவையில் இருந்த பெயரைப் படித்தார். வேதத்தைத் திறந்தார்.

வீரம்மாள் அழுதுகொண்டிருந்தாள்; அந்தப் பெயரை அவள் பார்க்கவில்லை.

மறுவாரமே கூடத்தில் ணங், டொக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை வாசலில் வாதமும் கேட்டது. இன்னாருக்குன்னுதான் சாகணும் என்பதிலிருந்து அவர் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில் தங்கதுரை இறந்தார். மனைவி கண்ணம்மாளின் கல்லறைக்குப் பக்கத்தில் அவருக்கென்று இருந்த ஓரிடத்தில் பழமலை படுத்திருந்ததால், அவரை மதிலுக்கு வெளியே, ஓடையோரம் புதைத்தார்கள்.