இழவு வீட்டில் ரெஜினா

கதாநாயகனின் அப்பா இறந்துகிடக்கும் காட்சி வந்ததும் தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. தேவசகாயம் மட்டும் பிணத்தின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த துணை நடிகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள்தான் நான்கு மாதம் முன்பு இறந்துபோன அவர் மனைவி ரெஜினா. திரையில் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க அழுதாள்.

உண்மையில் அது அழுகை இல்லை. பிணமாக நடித்தவரின் மூக்கில் ஈ உட்கார்ந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டதை, படப்பிடிப்பு நடந்த அன்று வீட்டில் சோறு போட்டபடி அவளே சொல்லியிருந்தாள்.

அவருக்கும் சிரிப்பு பீறிட்டது. பக்கத்து இருக்கைப் பெண் திரும்பிப் பார்க்கவே, சட்டென்று துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

“அழுதுடுங்கண்ணே,” என்றாள் அவள். “எங்க வீட்டுக்காரர் போனதுக்கு நானும் இங்கதான் வந்து அழுறேன்.”

படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகும் அவர் துண்டை எடுக்கவில்லை.