தப்பாகவே சொல்கிறவர்

“எட்டுக்கால் பூச்சி பின்னாடி காட்டுக்குப் போறவன், அப்படியே போயிடு. திரும்ப இந்த வாசப்படி மிதிக்காதே.”

கணக்கு வாத்தியார் மகனைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான். வங்கி வேலையை உதறிவிட்டுச் சிலந்திகளை ஆராயப் போகிறேன் என்றால் எந்த அப்பனுக்குத்தான் வயிறு எரியாது. மகனும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவன். சொன்ன சொல்லை அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்கு அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. தையல் மெஷின் முன்னால் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கோபம் அவனுக்கு. அவள் போன் போட்டாலும் எடுப்பதில்லை.

வாத்தியாரோ ஓய்வு பெற்ற பிறகும் பிடிவாதத்துக்கு ஓய்வு கொடுக்கவில்லை. மகன் பேச்சை எடுத்தாலே, “வேற பேச்சு இருந்தா பேசு” என்று எழுந்து போய்விடுவார்.

அவளுக்கு மிச்சம் இருந்தது போனில் மகன் நடத்தும் ஒரு குழுதான். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த பெண் ஒருத்தி காட்டித் தந்தது. மகன் காட்டில் எடுத்த சிலந்திப் படத்தைப் போட்டு, ‘இது என்ன, சொல்லுங்க பாப்போம்’ என்பான். ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். அவளும் ‘ஊசிநூல்’ என்ற பெயரில் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிட்டாள்.

குளியலறைச் சுவரில் ஒரு சிலந்தி ஊர்ந்தால் தெருவையே கூட்டுகிறவள் அவள். பிள்ளைக்காக ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அத்தனை சிலந்திப் படங்களையும் பார்த்து மனப்பாடம் செய்தாள். சரியாகச் சொன்னால் ‘சரி. நன்றி’ என்று மகன் எழுதுவான். அதைத் திரும்பத் திரும்பப் படிப்பாள். ‘சாப்பிட்டியாப்பா’ என்று கேட்க விரல் துடிக்கும். ஆளைக் கண்டுபிடித்து வெளியே தள்ளிவிட்டால் இந்த ‘நன்றி’யும் போய்விடுமே என்று அடக்கிக்கொள்வாள்.

கொஞ்ச நாளாகப் படமே வரவில்லை. அவளுக்குக் கை ஓடவில்லை. பள்ளிச் சீருடைச் சட்டை ஒன்றுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டித் தைத்துவைத்தாள்.

அன்று மத்தியானம் படம் வந்தது.

இரண்டு மரங்களுக்கு நடுவே ஆளுயர வலை. வெயில் பட்ட இடமெல்லாம் மஞ்சளாக மின்னியது. நடுவில் விரித்த கையளவுக்கு ஒரு சிலந்தி. நீளநீளமாய்க் கறுப்புக் கால்கள், மூட்டுக்கு மூட்டு மஞ்சள் புள்ளி. வலை ஓரத்தில் இத்தனூண்டாக இன்னொன்று.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. மெஷினை நிறுத்திவிட்டு அவசரமாக எழுதினாள். ‘தங்க வலைச் சிலந்தி. பெண்.’

‘சரி. நன்றி.’

அதோடு முடிந்திருக்கும். அந்த ‘வழிப்போக்கன்’ வந்து சேர்ந்தான். குழுவில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பதிலும் உருப்படியாகச் சொல்லாத ஆள். ஆனால் வாதம் மட்டும் பெரிய மேதை மாதிரி.

‘இல்லவே இல்லை. இது பொந்தில் வாழும் முடிச் சிலந்தி. ஓரத்தில் இருப்பது அதன் குட்டி.’

மகன் எழுத ஆரம்பித்தான்.

‘ஐயா, நீங்க திருந்தவே மாட்டீங்களா? பொந்துச் சிலந்தி இப்படி வட்டமா வலை பின்னாது. அந்தச் சின்னது குட்டி இல்ல, ஆண். இந்த வகையில பொண்ணுதான் பெருசு. அவ அசந்த நேரமா பாத்துக் கிட்ட போகலாம்னு ஓரத்துலயே காத்துக் கிடப்பான். காய்ச்சல்ல படுத்துக் கிடந்துட்டு இன்னிக்குத்தான் எழுந்து காட்டுக்குள்ள நடந்தேன். மூஞ்சியில வலை ஒட்டினப்புறம்தான் இவளையே பாத்தேன். பயத்துல பின்னால விழுந்துட்டேன். எழுந்திருக்கத் தோணாம அங்கயே கிடந்து சிரிச்சேன். சிரிச்சு ரொம்ப நாளாச்சு.’

காய்ச்சலாமே. யார் கஞ்சி வைத்துக் கொடுத்திருப்பார்கள்? அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளறை வாசலில் போய் நின்றாள். வாத்தியார் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

“ஏங்க, காட்டுல காய்ச்சல் வந்தா யாரு பாத்துப்பாங்க?”

“எந்தக் காட்டுல?”

“சும்மா கேட்டேன்.”

“போறவங்க மாத்திரை எடுத்துக்காமலா போவாங்க? போய் வேலையப் பாரு.”

கல்லுக்கு ஈரம் இருந்தாலும் இருக்கும், இந்த மனுஷனுக்கு இருக்காது என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தாள். அவரிடம் காட்ட முடியாத கோபமெல்லாம் அந்த வழிப்போக்கன் மேல் திரும்பியது. பெற்றவளுக்கு ஒரு வார்த்தை, இந்த உதவாக்கரைக்கு இத்தனை பேச்சா?

குழுவில் எழுதாமல், வழிப்போக்கனுக்கு மட்டும் தனியாக எழுதினாள். ‘தெரியலைன்னா சும்மா இருக்கலாமே. சரியான பதில் வந்த பிறகும் அந்தப் பிள்ளையை ஏன் இந்தப் பாடு படுத்தறீங்க?’

ரோஷம் வந்து ஓடிவிட்டான் என்றே நினைத்தாள். சீருடைச் சட்டையில் தப்பாக வைத்த இடது கையைப் பிரித்து எடுக்க உட்கார்ந்தபோது பதில் வந்தது.

‘நீங்க யாரோ தெரியல, தப்பா எடுத்துக்காதீங்க. அது தங்க வலைச் சிலந்தின்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சே தப்பா எழுதறதுக்குக் கை கூசத்தான் செய்யுது. ஆனா சரியாச் சொன்னா அவன் ஒரு வார்த்தையோட நிறுத்திக்கறான். தப்பாச் சொன்னாத்தான் வாய் திறக்கறான். அவனப் பெத்தவ முன்னறையில தையல் மெஷின் முன்னால உக்காந்து இதைத்தான் படிச்சுக்கிட்டிருக்கா. ஒரு வார்த்தைய வெச்சுக்கிட்டு அவ எத்தனை நாள்தாங்க ஓட்டுவா?’