எட்டு மணி மாத்திரை

"ரத்தத்துல மருந்து இருக்க வேண்டியதுல பாதிகூட இல்லையே, மார்லிஸ். ஒரு வேளைகூட விடலையா?"

நாய் டாக்டர் ஹெட்ஸ்ட்ரம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

விடவில்லை. காலை எட்டு, இரவு எட்டு. மூன்று மாதமாக மார்லிஸ் தன் கையாலேயே கொடுக்கிறாள்.

நாய் ஓட்டிஸ் அவள் காலணிமேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. நேற்று வந்த வலிப்பில் கடித்துக்கொண்ட நாக்கு இன்னும் வீங்கியிருந்தது.

இதே கேள்வியை ஏப்ரலில் மார்லிஸ் தன் அப்பாவிடம் கேட்டாள். அப்போது அது அப்பாவின் நாய். இரண்டு வருடம் வலிப்பே இல்லாமல் இருந்தது, ஒரே மாதத்தில் மூன்று முறை விழுந்துவிட்டது.

அப்பா சமையலறை நாட்காட்டியைக் காட்டினார். ஒவ்வொரு தேதியிலும் பென்சிலில் இரண்டு கோடுகள்.

"கோட்டைப் போட்டுட்டு மாத்திரையை மறந்துடுறீங்கப்பா."

"நான் மறந்தாலும் இவன் விடுவானா? எட்டு அடிச்சா ஃப்ரிட்ஜ் முன்னாடி வந்து உக்காந்துடுறான், சர்ச்சுல முதல் பெஞ்சு பிடிச்சவன் மாதிரி."

அவள் சிரிக்கவில்லை. சீசாவில் மீதி எத்தனை இருக்கிறது என்று பார்க்கவும் தோன்றவில்லை. எண்பத்திரண்டு வயது. மறதி என்பதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது.

நாயைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். மாத்திரையை மறந்து நாய்க்கு வலிப்பு வரவைத்ததைச் சொல்லித்தான் அப்பாவின் கார் சாவியை வாங்கினாள். அதையே சொல்லி அப்பாவின் வீட்டை விற்க அண்ணனைச் சம்மதிக்க வைத்தாள். ஜூனில் வீடு விற்றாயிற்று. அப்பாவுக்கு முதியோர் இல்லத்தில் ஓர் அறை, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னல். அங்கே நாய்க்கு அனுமதி இல்லை.

முதலில் சண்டை போட்டார். போன ஞாயிறு அவராகவே சொன்னார்: "நல்லவேளை நீ பாத்துக்கிற. எனக்கு ஒண்ணும் மனசுல நிக்க மாட்டேங்குது."

"எதுல வச்சு குடுக்குறீங்க?" டாக்டர் கேட்டாள்.

"ஹாம்ல. ஒரு துண்டை எடுத்து மாத்திரையைச் சுருட்டி. அப்பாவும் அப்படித்தான் குடுத்தார்."

டாக்டரின் விரல்கள் விசைப்பலகைமேல் நின்றன.

"இந்த மருந்துக்கு உப்பு எதிரி, மார்லிஸ். உப்பு கூடினா உடம்பு மருந்தை மூத்திரத்துல வெளிய தள்ளிடும். ஹாம்னா உப்புல ஊறின பன்னிக்கறிதானே."

அப்படியென்றால் எல்லா வேளையும் மாத்திரை உள்ளே போயிருக்கிறது. இரண்டு வீட்டிலும்.

நாட்காட்டியை அவள் வீட்டைக் காலி செய்த அன்று குப்பையில் போட்டிருந்தாள்.

"உப்புத் தீனி கூடாதுன்னு ஆரம்பத்துலயே உங்க அப்பாகிட்ட சொல்லியிருக்கோம். இங்க எழுதியிருக்கு. மறந்துட்டார்போல, பாவம்."

ஓட்டிஸ் எழுந்து நின்று அவள் கைப்பையை மோந்து பார்த்தது.

முன்பெல்லாம் அப்பா வெறும் மாத்திரையை அடிநாக்கில் வைத்துத் தொண்டையைத் தடவிவிடுவார். பிப்ரவரியில் அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. மாத்திரை தரையில் உருண்டது. அடுத்த ஞாயிறு மார்லிஸ்தான் கடையிலிருந்து ஹாம் பாக்கெட் வாங்கிப் போனாள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும்.

முதல் பாக்கெட்டை அப்பா வாங்கிக் கண்ணருகே வைத்துப் படித்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"உப்பு ஆகாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களேம்மா."

"ஒரு துண்டுல என்னப்பா ஆயிடப்போகுது" என்றாள், கோட்டின் பொத்தானைப் போட்டபடி.

இந்த நிமிடம்வரை அது அவள் நினைவில் இல்லை.